மூன்று நாளில் ஒப்புதல், ஒன்றரை ஆண்டில் ரத்து: டெல்லிப் பல்கலைக்கழகத்தின் நான்காண்டுப் பட்டம்

2012 டிசம்பர் 24, திங்கட்கிழமை. டெல்லி கொதித்துக்கொண்டிருந்த வாரம் அது. டிசம்பர் 16 இரவு ஓடும் பஸ்ஸில் ஒரு மாணவிக்கு நேர்ந்த கொடுமைக்கு நியாயம் கேட்டு இந்தியா கேட் பக்கம் கூட்டம் திரண்டிருந்தது. தண்ணீர் பீய்ச்சினார்கள், கண்ணீர்ப்புகை வீசினார்கள், நகரின் நடுவிலிருந்த மெட்ரோ நிலையங்களைப் பூட்டினார்கள். மறுநாள் கிறிஸ்துமஸ். அன்றைக்குத்தான் டெல்லிப் பல்கலைக்கழகத்தின் கல்விக்குழு கூடியது. தன் கல்லூரிகளில் மூன்றாண்டாக இருந்த இளநிலைப் பட்டத்தை நான்காண்டாக்கும் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. எதிர்ப்பை எழுதிக் கொடுத்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். புதன்கிழமை, 26-ஆம் தேதி, ஆட்சிக்குழுவும் சரி என்றது. இரண்டு கூட்டங்களுக்கும் நடுவே இருந்தது ஒரு விடுமுறை நாள்.

பதினெட்டு மாதம் கழித்து, 2014 ஜூன் 27 அன்று, அதே பல்கலைக்கழகம் அந்தத் திட்டத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக அறிவித்தது. அதற்குள் ஒரு முழு மாணவர் அணி முதலாண்டை முடித்திருந்தது.

இந்தக் கதையைப் பலரும் அரசியல் கதையாகவே சொல்வார்கள். காங்கிரஸ் ஆட்சியில் வந்தது, பா.ஜ.க. ஆட்சியில் போனது, அவ்வளவுதான் என்று. அதில் பொய் இல்லை. ஆனால் ஒரு பட்டப்படிப்பு எந்தெந்தக் கை மாறி, எந்தெந்தக் கேள்விக்குப் பதில் சொல்லி வகுப்பறைக்கு வருகிறது என்று பார்க்கிறவர்களுக்கு இதில் வேறொரு கதையும் இருக்கிறது. மற்ற எல்லாப் படிகளிலும் கையெழுத்து விழுந்த ஒரு கோப்பு, கையெழுத்து விழாத ஒரே படியில் எப்படி வழுக்கியது என்பது அது.

கோப்பு ஏறும் வழி

டெல்லிப் பல்கலைக்கழகம் 1922-ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவானது. குடியரசுத் தலைவர் அதன் ‘விசிட்டர்’. குடியரசுத் துணைத் தலைவர் வேந்தர். அன்றாட அதிகாரம் துணைவேந்தரிடம். ஒரு புதிய படிப்பு அல்லது பழைய படிப்பில் மாற்றம் என்றால், கோப்பு முதலில் துறையின் பாடத்திட்டக் குழுவில் பிறக்கிறது. அங்கிருந்து பல துறைகள் சேர்ந்த புலம், அப்புறம் கல்வி விவகாரங்களுக்கான நிலைக்குழு, அப்புறம் கல்விக்குழு, கடைசியாக ஆட்சிக்குழு. தமிழ்நாட்டில் வேலை பார்க்கிறவர்களுக்கு இது புதிதல்ல. போர்டு, ஸ்டாண்டிங் கமிட்டி, அகாடமிக் கவுன்சில், சிண்டிகேட் என்று நாம் சொல்லும் அதே வரிசைதான்.

ஒரே காகிதத்தை ஐந்து இடத்தில் ஏன் படிக்க வேண்டும் என்று புதிதாக வந்த உதவிப் பேராசிரியர்கள் அலுத்துக்கொள்வார்கள். ஐந்து இடத்திலும் ஒரே கேள்வி கேட்கப்படுவதில்லை, அதனால்தான். துறையில் கேட்பது: இந்தத் தாளில் என்ன சொல்லித்தரப் போகிறோம், பதினைந்து வாரத்துக்குள் அடங்குமா? புலத்தில் கேட்பது: பக்கத்துத் துறை ஏற்கெனவே இதை நடத்துகிறதே, ஏன் இரண்டு முறை? கல்விக்குழுவில் கேட்பது: மற்றப் பட்டங்களோடு ஒப்பிட்டால் இதன் தரம் நிற்குமா, தேர்வு எப்படி? ஆட்சிக்குழுவில் கேட்பது: ஆள் எங்கே, பணம் எங்கே, சட்டம் இடம் தருகிறதா? படிப்புகளைப் பற்றிக் கல்விக்குழு அனுப்பும் வரைவை ஆட்சிக்குழு தன் விருப்பத்துக்குத் திருத்த முடியாது. ஏற்கலாம், மறுக்கலாம், யோசனையோடு திருப்பி அனுப்பலாம். பாடம் பற்றிய தீர்ப்பு பாடம் நடத்துகிறவர்களிடமே இருக்கட்டும் என்பதற்காக வைத்த பூட்டு அது.

நான் ஒரு தன்னாட்சிக் கல்லூரியின் பாடத்திட்டக் குழுவில் சில ஆண்டுகள் உட்கார்ந்திருக்கிறேன், அதனால் அந்தப் பூட்டு நடைமுறையில் எவ்வளவு இளகும் என்பதும் தெரியும். பதினொரு மணிக்குக் கூட்டம் என்று போட்டிருக்கும். துறைத்தலைவர், துறை ஆசிரியர்கள், பல்கலைக்கழகம் அனுப்பிய ஒருவர், வெளியிலிருந்து இரண்டு பாட வல்லுநர்கள், தொழில்துறை ஆள் ஒருவர், பழைய மாணவர் ஒருவர். தொழில்துறைக்காரர் பெரும்பாலும் போட்டோ எடுக்கும் நேரத்துக்குத்தான் வந்து சேருவார். நூறு பக்க வரைவு எல்லார் முன்னாலும் இருக்கும். வடை வருவதற்குள் முதல் செமஸ்டர் முடிந்துவிடும், பயணப்படி படிவத்தில் கையெழுத்துப் போடுவதற்குள் ஆறாவது செமஸ்டரும் முடிந்துவிடும். ஒரு முறை நாங்கள் நிறைவேற்றிய ஒரு தாளுக்குப் பாடநூலாகக் கொடுத்திருந்த புத்தகம் பல வருடமாக அச்சிலேயே இல்லை என்பது, நூலகர் வந்து சொன்ன பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருவன். ஒப்புதல் ஆவது ஒன்று, படிக்கப்படுவது வேறொன்று.

மேலிருந்து இறங்கிய கோப்பு

டெல்லி விஷயத்துக்கு வருவோம். 2010 அக்டோபரில் துணைவேந்தராக வந்த தினேஷ் சிங் கணிதப் பேராசிரியர். இந்திய மாணவர்கள் மனப்பாடத்தில் மூழ்கிப்போகிறார்கள், கையால் செய்து கற்பது இல்லை, துறைகளுக்கு நடுவே சுவர் எழுப்பிவிட்டோம் என்பதெல்லாம் அவருடைய நியாயமான ஆதங்கங்கள். 2012 செப்டம்பரில் ஒரு பெரிய கல்வி மாநாடு கூட்டினார். நான்காண்டுத் திட்டத்தை வரைய ஒரு பணிக்குழு அமைந்தது. டிசம்பரில் அது கல்விக்குழுவின் மேசைக்கு வந்துவிட்டது.

இங்கேதான் விஷயம் தலைகீழாகிறது. கோப்பு கீழிருந்து மேலே ஏறும் என்று நினைத்துக் கட்டிய படிக்கட்டில், அது மேலிருந்து கீழே இறங்கியது. எத்தனை ஆண்டு, எத்தனை தாள், எந்த வருடத்தில் என்ன பெயரில் சான்றிதழ் என்ற எலும்புக்கூட்டை மேலே முடிவு செய்தாயிற்று. துறைகளிடம் வந்தது ‘சதையை வையுங்கள்’ என்ற வேலை மட்டும். ஒரு துறையின் பாடத்திட்டக் குழு ‘எங்கள் பாடத்துக்கு நான்காவது வருடம் தேவையில்லை’ என்று நினைத்தாலும், அதைச் சொல்ல நிகழ்ச்சி நிரலில் இடமில்லை. மறுக்கும் உரிமை இல்லாத படியில் போடும் கையெழுத்துக்கு என்ன எடை?

கல்விக்குழுவின் அமைப்பையும் கவனிக்க வேண்டும். அது நூற்றுக்கும் மேற்பட்டோர் உட்காரும் பெரிய சபை. ஆனால் ஆசிரியர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் உறுப்பினர்கள் 26 பேர்தான். மற்றவர்களில் பெரும்பாலோர் பதவி வழியில் வருகிறவர்கள்: துறைத்தலைவர்கள், புலத்தலைவர்கள், பேராசிரியர்கள், கல்லூரி முதல்வர்கள். ஆட்சிக்குழுவில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆசிரியர்கள் இரண்டே பேர். துணைவேந்தர் தலைமை தாங்கும் கூட்டத்தில், துணைவேந்தரின் கனவுத் திட்டத்தை எழுந்து நின்று எதிர்க்கப் பதவி வழி உறுப்பினருக்கு அசாத்தியத் துணிச்சல் வேண்டும். அதனால் டெல்லியில் எந்தப் பெரிய மாற்றம் வந்தாலும் எதிர்ப்புக் குறிப்பு எழுதுகிறவர்கள் அந்தத் தேர்ந்தெடுக்கப்பட்ட சிறுபான்மையினராகவே இருக்கிறார்கள். போதுமான அவகாசம் தரவில்லை, இவ்வளவு பெரிய மாற்றத்தை அவசரக் கூட்டத்தில் தள்ளுகிறார்கள் என்பதுதான் அன்று அவர்கள் சொன்ன முக்கியக் குறை.

பதினொரு அடித்தளத் தாள்கள்

திட்டம் என்னவென்று சுருக்கமாகச் சொல்கிறேன். முதன்மைப் பாடத்தில் 20 தாள்கள். இரண்டாம் பாடத்தில் 6. செயல்முறைத் தாள்கள் தனி. எல்லாருக்கும் பொதுவாக 11 அடித்தளத் தாள்கள். இரண்டாண்டில் வெளியேறினால் ஒரு டிப்ளமா, மூன்றாண்டில் இளநிலைப் பட்டம், நான்காண்டும் இருந்தால் ஆனர்ஸ். இரண்டாண்டுச் சான்றிதழுக்கு முதலில் ‘அசோசியேட் பாக்கலரியேட்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். யாருக்கும் வாயில் நுழையவில்லை, டிப்ளமா என்று மாற்றினார்கள்.

சண்டை முழுக்க அந்த 11 தாளைச் சுற்றித்தான் நடந்தது. மொழி இலக்கியம் இரண்டு தாள், தகவல் தொழில்நுட்பம், வணிகமும் தொழில்முனைவும், ஆட்சியும் குடிமையும், தத்துவம் உளவியல் வாழ்க்கைத் திறன், இந்திய வரலாறும் பண்பாடும், அறிவியலும் வாழ்வும், சுற்றுச்சூழலும் பொதுச் சுகாதாரமும், நிலவியல் சமூகப் பன்மை, கணிதத் திறன் வளர்ப்பு. பட்டியலைப் பார்த்தால் யாருக்கும் கோபம் வராது. ஆனால் இதை வகுப்பறையில் வைத்துப் பாருங்கள். பத்தாம் வகுப்போடு கணக்குக்குக் கும்பிடு போட்டுவிட்டு சமஸ்கிருத ஆனர்ஸ் படிக்க வந்த பெண்ணும், பன்னிரண்டாம் வகுப்பில் கணக்கில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு வாங்கிக் கணித ஆனர்ஸுக்கு வந்த பையனும், ஒரே கணிதத் திறன் தாளை ஒரே பெஞ்சில் உட்கார்ந்து எழுத வேண்டும். ஒருவருக்கு அது மலை, இன்னொருவருக்கு அது தூக்க மாத்திரை. இரண்டு பேருக்கும் ஒரு தாள் எழுத முடியுமா என்று கேட்க வேண்டிய இடம் துறைப் பாடத்திட்டக் குழு. தாள் உண்டு என்பது முன்பே முடிவான பிறகு, அந்தக் கேள்விக்கு ‘எப்படியாவது எழுதுங்கள்’ என்பதைத் தவிர வேறு பதில் கிடைக்காது. பள்ளிக்கூடப் பாடத்தைத் திரும்ப நடத்துகிறார்கள் என்று முதலாண்டு மாணவர்கள் முணுமுணுத்ததற்கு ஆசிரியர்களை மட்டும் குறைசொல்ல முடியாது.

பாடத்திட்டங்கள் 2013 மே 7 அன்று கல்விக்குழுவுக்கு வந்தன. மே 9 அன்று ஆட்சிக்குழு. மறுபடியும் நடுவில் ஒரு நாள். ஜூலையில் வகுப்பு. இடைப்பட்ட பத்துப் பதினொரு வாரத்துக்குள் புத்தகம் தேர்ந்தெடுக்க வேண்டும், நூலகம் வாங்க வேண்டும், கால அட்டவணை போட வேண்டும், யார் எந்தத் தாளை எடுப்பது என்று கல்லூரிக்குள் பேசி முடிக்க வேண்டும். அந்த ஆண்டு சேர்க்கை இடங்கள் சுமார் 54,000.

‘யார் எந்தத் தாள்’ என்பது வெறும் அட்டவணைப் பிரச்சினை இல்லை. டெல்லிக் கல்லூரிகளில் அப்போது ஆயிரக்கணக்கான ஆசிரியர்கள் ‘அட்ஹாக்’ நியமனத்தில் இருந்தார்கள். 120 நாள் வேலை, ஒரு நாள் இடைவெளி, மறுபடி 120 நாள். ஒரு துறைக்கு வாரத்துக்கு எத்தனை வகுப்பு என்ற ‘வொர்க்லோட்’ கணக்குதான் அவர்களுடைய சோறு. முதலாண்டில் முதன்மைப் பாடத்தின் இடத்தை அடித்தளத் தாள்கள் பிடித்துக்கொண்டால், ஒரு துறையின் வொர்க்லோட் குறையும், இன்னொன்றில் கூடும். பட்டப்படிப்பின் அமைப்பை மாற்றுவது என்றால் பல நூறு பேரின் அடுத்த 120 நாளை மாற்றுவது. இந்தக் கணக்கை ஆட்சிக்குழு போட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

விடுபட்ட படி

பல்கலைக்கழக ‘ஆர்டினன்ஸ்’ என்பதைச் சில பத்திரிகைகள் ‘அவசரச் சட்டம்’ என்று மொழிபெயர்த்துவிடுகின்றன. அரசு போடும் அவசரச் சட்டத்துக்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை. சட்டம், அதன் கீழ் விதிகள், அவற்றின் கீழ் ஆர்டினன்ஸ்கள் என்ற அடுக்கில், என்ன பட்டம் தரலாம், எத்தனை ஆண்டு, என்ன தேர்வு என்பதெல்லாம் ஆர்டினன்ஸில் எழுதப்படும். கல்விக்குழு வரைவு தர, ஆட்சிக்குழு இயற்றும். இயற்றியதோடு முடிவதில்லை. அது விசிட்டருக்கு, அதாவது குடியரசுத் தலைவருக்குப் போக வேண்டும். நடைமுறையில் அப்போதைய மனிதவள மேம்பாட்டு அமைச்சகத்தின் (2020 முதல் கல்வி அமைச்சகம்) வழியே போகும். மத்தியப் பல்கலைக்கழகங்களுக்குத் தன்னாட்சி உண்டு, ஆனால் அந்தத் தன்னாட்சியின் கடைசிச் சாவி டெல்லியின் இன்னொரு கட்டடத்தில் தொங்குகிறது.

இதோடு பட்டத்தின் பெயர் என்ற விஷயமும் சேர்ந்துகொண்டது. 1956-ஆம் ஆண்டுப் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டத்தின் 22-ஆம் பிரிவுப்படி, யு.ஜி.சி. என்கிற அந்த மானியக் குழு குறிப்பிட்ட பட்டங்களைத்தான் தரலாம். புதுப்பெயர் வேண்டுமென்றால் முன்கூட்டியே கேட்க வேண்டும். பெயரில் என்ன இருக்கிறது என்பவர்கள் தமிழ்நாட்டில் அரசு வேலைக்குப் போன ஒரு மாணவரைக் கேட்டுப் பார்க்கலாம். கவர்ச்சியாக இருக்கட்டும் என்று கல்லூரி வைத்த பெயர், தேர்வாணைய அறிவிக்கையில் உள்ள பெயரோடு ஒரு சொல் மாறியிருந்தால் போதும், இணைத்தன்மைச் சான்று கேட்டு அலைய வேண்டும். பாடம் ஒன்றுதான் என்று உயர்கல்வித் துறை அரசாணை போடும்வரை அந்தப் பட்டம் பெட்டியில் தூங்கும்.

டெல்லித் திட்டத்தில் கணினி அறிவியல், மின்னணுவியல் போன்ற சில படிப்புகள் பி.டெக். ஆகிவிட்டிருந்தன. பி.டெக். என்றதும் தொழில்நுட்பக் கல்விக்கான அகில இந்தியக் கவுன்சிலான ஏ.ஐ.சி.டி.இ.யின் அனுமதி வேண்டாமா என்று கேட்டவர்கள் உண்டு. அந்தக் கேள்விக்கு உச்ச நீதிமன்றம் 2001-லேயே பதில் சொல்லிவிட்டது. அந்த வழக்கின் பெயரே பாரதிதாசன் பல்கலைக்கழகம் எதிர் ஏ.ஐ.சி.டி.இ. திருச்சியில் அந்தப் பல்கலைக்கழகம் தொழில்நுட்பப் படிப்புகளைத் தொடங்கியபோது, முன் அனுமதி வாங்கவில்லை என்று கவுன்சில் வழக்குக்குப் போனது. தர நெறிகள் பல்கலைக்கழகத்துக்கும் பொருந்தும், ஆனால் படிப்பைத் தொடங்க முன் அனுமதி தேவையில்லை என்று தீர்ப்பு வந்தது. ஆகவே டெல்லிக்கு அந்தப் பக்கம் ஆபத்தில்லை. ஆபத்து வந்தது விசிட்டர் பக்கம்தான்.

வேடிக்கை என்னவென்றால், 2013-ல் யு.ஜி.சி. இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. திட்டத்தைத் தடுக்கவில்லை. கவனிக்கவும் ஆலோசனை சொல்லவும் ஒரு குழுவை அமைத்தது. ஆசிரியர் சங்கம் தெருவில் நின்று கத்தியபோதும், இடதுசாரி மாணவர் அமைப்பும் ஆர்.எஸ்.எஸ். சார்பு மாணவர் அமைப்பான ஏ.பி.வி.பி.யும் ஒரே கோஷத்தை எழுப்பிய அபூர்வக் காட்சி நடந்தபோதும், பல்கலைக்கழகத்தின் தன்னாட்சியில் தலையிடக் கூடாது என்பதே மேலிடத்துப் பதில்.

2014 ஜூன்

மே 26-ல் ஆட்சி மாறியது. நான்காண்டுத் திட்டத்தை ரத்து செய்வோம் என்று பா.ஜ.க.வின் டெல்லிப் பிரிவு தேர்தலுக்கு முன்பே வாக்குறுதி கொடுத்திருந்தது. ஸ்மிருதி இரானி மனிதவள மேம்பாட்டு அமைச்சரானார். ஜூன் 20 அன்று யு.ஜி.சி. உத்தரவு வந்தது: நான்காண்டு வேண்டாம், மூன்றாண்டுப் படிப்பில் மட்டும் மாணவர்களைச் சேருங்கள். பல்கலைக்கழகத்துக்கு மட்டுமல்ல, 64 கல்லூரிகளுக்கும் நேரடியாகவே கடிதம் போனது. கேட்காவிட்டால் நிதி என்னாகும் என்பதை யாரும் விளக்கத் தேவையிருக்கவில்லை. பெரும்பாலான கல்லூரிகள் சில நாளிலேயே சம்மதக் கடிதம் அனுப்பின.

யு.ஜி.சி. சொன்ன காரணங்களில் இரண்டு முக்கியமானவை. ஒன்று, தேசியக் கல்விக் கொள்கையின் 10+2+3 அமைப்புக்கு, அதாவது பள்ளி பன்னிரண்டு ஆண்டு, பட்டம் மூன்றாண்டு என்பதற்கு, இது ஒத்துவரவில்லை. இரண்டு, ஆர்டினன்ஸ் திருத்தம் சட்டம் சொன்ன வழியில் முறையாக முடிக்கப்படவில்லை. முதல் காரணம் 2013-லும் இருந்தது, இரண்டாவதும் 2013-லேயே கண்ணில் பட்டிருக்க வேண்டும். கொள்கை மாறவில்லை, சட்டம் மாறவில்லை, யு.ஜி.சி.யின் தலைவர்கூட மாறவில்லை. மாறியது அமைச்சகம் மட்டும்.

ஜூன் 24-ல் சேர்க்கை தொடங்கியிருக்க வேண்டும். விண்ணப்பித்திருந்தவர்கள் இரண்டரை லட்சத்துக்கும் மேல். கட்ஆஃப் பட்டியல் எப்போது வரும், சேர்ந்தால் மூன்று வருடமா நான்கு வருடமா, பீகாரிலிருந்தும் கேரளத்திலிருந்தும் ரயிலேறி வந்து கல்லூரி வாசலில் நின்ற பெற்றோருக்குப் பதில் சொல்ல எந்த முதல்வராலும் முடியவில்லை. அன்று மதியம் துணைவேந்தர் ராஜினாமா செய்துவிட்டார் என்று செய்தி ஓடியது, சற்று நேரத்தில் இல்லை என்றார்கள். விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது, அங்கே உயர் நீதிமன்றத்துக்குப் போகச் சொன்னார்கள். 27-ஆம் தேதி பல்கலைக்கழகம் பணிந்தது.

இதில் எனக்கு ஒரு சங்கடம் உண்டு, மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். திட்டம் அவசரத்தில் சமைத்தது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அதை இறக்கிய விதமும் அதே அவசரம்தான். ஏற்றியபோது கல்விக்குழுவுக்குப் படிக்க நேரம் கொடுக்கவில்லை என்றால், இறக்கியபோது கல்விக்குழுவை யாரும் கேட்கவே இல்லை. ‘யு.ஜி.சி.யே, உன் அதிகாரத்தைக் காட்டு’ என்று கோரிய ஆசிரியர்களில் பலர், அந்த அதிகாரம் நாளைக்கு வேறு பக்கம் திரும்பும் என்பதை அப்போது யோசிக்கவில்லை. எட்டே வருடத்தில் திரும்பியது.

ஜூன் 27-க்குப் பிறகு நடந்தது பெரும்பாலும் செய்தியில் வராத வேலை. 2013-ல் சேர்ந்தவர்கள் முதல் வருடத்தில் தங்கள் முதன்மைப் பாடத்தில் குறைவாகத்தான் படித்திருந்தார்கள், மீதியை அடுத்த மூன்று வருடத்தில் படிக்கலாம் என்ற நம்பிக்கையில். இப்போது மீதி இருந்தது இரண்டே வருடம். 20 தாளை அதற்குள் எப்படிச் சுருக்குவது, எதை விடுவது என்று துறைகள் மறுபடி உட்கார்ந்தன. பி.டெக். மாணவர்களுக்கு நான்காண்டையும் முடிக்க அனுமதி கிடைத்தது. அதன் பிறகு அந்த பி.டெக்.குக்கு ஆள் சேர்க்கவில்லை. தனக்கு முன்னும் பின்னும் யாரும் இல்லாத ஓர் அணி. வேலைக்குப் போன இடத்திலெல்லாம் அவர்கள் தங்கள் பட்டத்தின் கதையைச் சொல்லியிருப்பார்கள்.

மறுபடியும்

2020 ஜூலையில் புதிய தேசியக் கல்விக் கொள்கை வந்தது. இளநிலைப் பட்டம் நான்காண்டு, ஒவ்வொரு ஆண்டு முடிவிலும் வெளியேறும் கதவு. 10+2+3-க்குப் புறம்பானது என்று ஒழிக்கப்பட்ட அதே உருவம், இப்போது தேசியக் கொள்கையாகவே திரும்பி வந்தது. 2021 ஆகஸ்டில் டெல்லியின் கல்விக்குழுவும் ஆட்சிக்குழுவும் கொள்கையளவில் ஏற்றன. விரிவான கட்டமைப்புக்குக் கல்விக்குழு 2022 பிப்ரவரி 9-ல் ஒப்புதல் கொடுத்தது. ஆட்சிக்குழு பிப்ரவரி 11-ல் கொடுத்தது. நடுவில், வழக்கம் போல, ஒரு நாள். தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களிடமிருந்து வந்த எதிர்ப்புக் குறிப்புகளும் வழக்கம் போலவே.

இந்த முறை சில விஷயங்கள் நன்றாகவே செய்யப்பட்டிருந்தன. எந்தக் கதவில் வெளியேற எத்தனை கிரெடிட் என்பது தெளிவாக எழுதப்பட்டது: ஓராண்டுச் சான்றிதழுக்கு 44, டிப்ளமாவுக்கு 88, மூன்றாண்டுப் பட்டத்துக்கு 132, நான்காண்டுக்கு 176. எல்லாரையும் ஒரே கணக்குத் தாளில் உட்காரவைக்கும் வேலை இல்லை. பல தாள்களில் தேர்வு செய்துகொள்ளும் வசதி வந்தது. கொள்கையும் யு.ஜி.சி.யும் பக்கத்தில் நின்றன, ஆகவே 2014 மாதிரி ஒரு கடிதம் வரும் பயம் இல்லை. ஆனால் பாடத்திட்டம்? முதல் செமஸ்டர் தாள்கள் முதலில் வந்தன. மற்றவை செமஸ்டர் செமஸ்டராக, மாணவர் அந்த வகுப்புக்கு வந்து சேரும் நேரத்தை ஒட்டி ஒப்புதல் பெற்றன. மூன்றாவது வருடத்தில் என்ன படிக்கப் போகிறோம் என்று தெரியாமலே பிள்ளைகள் சேர்ந்தார்கள். வீட்டின் முகப்பைக் காட்டி முன்பணம் வாங்கிவிட்டு, பின்கட்டை வாங்கியவர் குடியேறிய பிறகு கட்டுவது மாதிரி.

2010-ல் டெல்லிக் கல்லூரி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்த ஆங்கில ஆசிரியரை எடுத்துக்கொள்வோம். சேர்ந்தபோது ஆண்டுத் தேர்வு முறை. 2011-ல் செமஸ்டர். 2013-ல் நான்காண்டு. 2014-ல் மறுபடி மூன்றாண்டு. 2015-ல் சி.பி.சி.எஸ். என்ற தெரிவுமுறை. 2019-ல் கற்றல் விளைவுகளை முன்வைத்த திருத்தம். 2022-ல் மறுபடி நான்காண்டு. பன்னிரண்டு வருடத்தில் ஏழு அமைப்பு. ஒரு பாடத்திட்டத்தின் முதல் அணி வெளியேறி, அவர்கள் என்ன ஆனார்கள் என்று பார்த்துவிட்டு அடுத்த மாற்றத்துக்குப் போவதுதான் முறை. 2013 திட்டத்தில் அப்படிப் பார்க்க அணியே மிஞ்சவில்லை. மற்றவற்றில் பார்க்க யாருக்கும் நேரமில்லை.

படிக்கட்டு வேலையே செய்வதில்லை என்று சொல்ல மாட்டேன். 2024 ஜூலையில் சட்டப் புலத்திலிருந்து எல்.எல்.பி. மாணவர்களுக்கு மனுஸ்மிருதியை வாசிக்கப் பரிந்துரைக்கும் யோசனை ஒன்று மேலே ஏறிக் கல்விக்குழுவின் வாசல்வரை வந்தது. ஆசிரியர்களிடையே எதிர்ப்பு எழுந்தது. கூட்டத்துக்கு முன்பே துணைவேந்தர் அதை நிராகரித்துவிட்டார். கீழிருந்து ஏறுகிற கோப்பைப் பாதியில் நிறுத்த அந்த ஏற்பாட்டுக்கு நன்றாகவே தெரியும். மேலிருந்து வரும் கோப்பை நிறுத்தத்தான் அதற்குக் கை எழுவதில்லை.

2025-ல் முதல் அணி நான்காம் ஆண்டில் கால் வைத்தது. மூன்றாண்டோடு கிளம்புவதா இருப்பதா என்று மாணவர்கள் யோசித்துக்கொண்டிருக்க, கல்லூரிகளில் ஆசிரியர்கள் கேட்டுக்கொண்டிருந்தது இதைத்தான்: கூடுதலாக ஒரு வருடத்து மாணவர்களை உட்காரவைக்க அறை எது, ஆய்வகம் எது, இத்தனை ஆய்வேடுகளையும் வழிநடத்த ஆள் எங்கே?